தற்கொலைக்கு முயன்று மீண்ட இளம் பிள்ளைகளோடு மனநல ஆலோசகராக வேலை செய்வது உண்மையில் எப்படி இருக்கும்?

எம்.எஸ்சி. உளவியல் கடைசி வருடத்தில் இருப்பதாகவும், இந்த வேலைக்குத்தான் வர ஆசை என்றும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். நான் 11 வருடங்களாக ஓர் அரசு மருத்துவமனையில் மருத்துவ உளவியலாளராக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் 13 முதல் 22 வயது வரை உள்ளவர்கள். கீழே வரும் சம்பவங்களில் யாரையும் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன்.

இரண்டு நாற்காலி போட்ட அமைதியான அறையை நீங்கள் நினைத்து வைத்திருக்கலாம். எனக்கு முதல் சந்திப்பு பொது மருத்துவ வார்டில், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபடிதான். டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும். அம்மா, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா, வாசலில் மாமா என்று ஒரு கூட்டமே நிற்கும். சிகிச்சையில் இருக்கும் பெண் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். நான் கேட்பதற்கு முன்பே அம்மா முந்திக்கொள்வார்: "வயித்து வலி தாங்காம பண்ணிட்டா மேடம்."

இந்த வயிற்று வலியை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. பொய் சொல்கிறார்களே என்று எரிச்சல்பட்டால் அந்தக் குடும்பம் அங்கேயே கைவிட்டுப் போய்விடும். அதற்குப் பின்னால் இருப்பது பயம். போலீஸ் கேஸ் ஆகுமா, பள்ளிக்கூடத்தில் டிசி கொடுத்துவிடுவார்களா, நாளைக்கு இவளை யார் கட்டுவார்கள். அதனால் என் முதல் கால் மணி நேரம் குடும்பத்தோடுதான் போகும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அதற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவும் 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் இல்லை. மருத்துவமனையில் பதிவு செய்வார்கள், போலீஸ் வந்து விசாரிக்கலாம், ஆனால் முயன்றதற்காக உங்கள் பெண்ணைக் குற்றவாளி ஆக்க மாட்டார்கள் என்று சொன்னதும் அந்த அம்மாவின் தோள் இறங்குவதைப் பார்க்கலாம். அப்புறம்தான் "கொஞ்ச நேரம் வெளியே இருங்கம்மா" என்று சொல்ல முடியும்.

பயிற்சியில் இருந்தபோது எனக்குப் பெரிய பயம், நேராகக் கேட்பது. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று. அப்படி ஆவதில்லை, ஆய்வுகள் அதைத் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. இப்போது சுற்றி வளைக்காமல் கேட்கிறேன்: "சாகணும்னு நினைச்சியாம்மா? இப்பவும் அந்த நினைப்பு வருதா?" ஒரு பிளஸ் டூ மாணவி நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: "மூணு நாளா எல்லாரும் ஏன் பண்ணே, ஏன் பண்ணேன்னுதான் கேக்கறாங்க. இதை யாரும் கேக்கல மேடம்." அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் பேசினாள்.

பெரும்பாலான பிள்ளைகள் சொல்வது ஒன்றுதான்: சாக வேண்டும் என்பதைவிட, அந்த நேரத்து வேதனை நின்றால் போதும் என்று இருந்தது. அந்த உச்சம் பலருக்குச் சில நிமிடங்கள், சில மணி நேரங்களில் தணிந்துவிடுகிறது. ஆபத்தான பொருளுக்கும் பிள்ளைக்கும் நடுவில் இடைவெளி வைப்பது எத்தனை முக்கியம் என்பது இதிலிருந்தே புரியும். இலங்கையில் மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்த பிறகு, 1995-க்கும் 2005-க்கும் இடையில் தற்கொலை விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. விவசாயம் செய்யும் ஓர் அப்பாவிடம் இதைச் சொன்னேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வாரம் வந்து, "மருந்து எல்லாத்தையும் எங்க அண்ணன் வீட்டுல வெச்சுப் பூட்டிட்டேன், சாவி அவர்கிட்டதான் இருக்கு" என்றார். அன்று நான் செய்ததிலேயே பயனுள்ள வேலை அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

டிஸ்சார்ஜ் ஆகும் முன் பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு தாளில் பாதுகாப்புத் திட்டம் எழுதுவோம். பார்பரா ஸ்டான்லி, கிரிகரி பிரவுன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் உருவாக்கிய முறை. எண்ணம் வரப்போகிறது என்பதற்கு என்ன அறிகுறி, தனியாக என்ன செய்யலாம், யாரோடு போய் உட்காரலாம், யாரிடம் உதவி கேட்கலாம் என்று படிப்படியாகப் போகும். அதை அவர்கள் கையெழுத்திலேயே எழுதவிடுங்கள். ஒரு பையன் "தங்கச்சியோட கேரம்" என்று எழுதினான். நான் எத்தனை யோசித்தாலும் அது எனக்குத் தோன்றியிருக்காது.

இங்கே ஒரு சிக்கல் வரும், பாடப் புத்தகத்தில் இருக்காது. காதல் விஷயம் என்றால் வீட்டில் முதலில் பிடுங்குவது போனைத்தான். தாளில் நான்கு நம்பர் இருக்கும், கூப்பிட அவள் கையில் போன் இருக்காது. போனைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஓர் அப்பாவிடம் பேசுவதுதான் இந்த வேலையிலேயே கடினமான பேச்சு என்பேன். சில சமயம் ஒரு பட்டன் போனுக்காவது சம்மதிக்க வைத்திருக்கிறேன்.

எங்களுக்கும் அந்த போன் வேண்டும். சென்னை உட்பட ஐந்து ஊர்களில், தற்கொலைக்கு முயன்ற 1,867 பேரிடம் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2008-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இன்னொரு பிரிவினருக்கு அதோடு ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை போன் அல்லது நேரில் விசாரிப்பு. முதல் பிரிவில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்தார்கள், இரண்டாவதில் 0.2 சதவீதம். "சாப்பிட்டியா, தூங்கினியா, எப்படி இருக்கே" என்று விசாரிப்பதற்கு இத்தனை பலம். அதனால்தான் நோட்டில் தேதி போட்டு வைத்துக் கூப்பிடுகிறேன். ஸ்விட்ச் ஆஃப் என்று வந்தால் அன்று முழுக்க வேறு வேலை ஓடாது.

ரகசியம் பற்றி: "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். 18 வயதுக்கு உட்பட்டவர் பாலியல் வன்முறைக்கு ஆளானது தெரிந்தால், போக்சோ சட்டப்படி நாம் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். ஆரம்ப வருடங்களில் ஒரு சிறுமியிடம் இதை முன்கூட்டியே விளக்காமல் கேட்டுவிட்டேன். அவள் நம்பிச் சொன்னாள். சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்தேன். அதன் பிறகு அவள் என்னிடம் பேசவே இல்லை. தகவல் கொடுத்தது சரிதான். அவளுக்கு முதலிலேயே சொல்லாதது என் தவறு. இப்போது முதல் ஐந்து நிமிடத்தில் எதை எனக்குள் வைத்துக்கொள்வேன், எதை முடியாது என்று சொல்லிவிடுகிறேன். அப்படிச் சொன்னதால் சிலர் பேச மறுத்ததும் உண்டு. பரவாயில்லை, காத்திருக்கலாம்.

இழப்பும் வரும். மூன்று முறை ரிவ்யூவுக்கு வந்து, நான்காவது முறை வராத ஒரு பையன் இருந்தான். செய்தி வந்தபோது வார்டில் இருந்தேன். அவன் ஃபைலை எத்தனை தடவை புரட்டினேன் என்று தெரியாது. என் மேற்பார்வையாளர் என்னை உட்கார வைத்து அதை ஒரு தடவை முழுதாகப் படித்தார். "எங்கே தவறினோம்னு தேடலாம், ஆனா தனியா தேடாதே" என்றார். வேலைக்குச் சேரும் இடத்தில் சம்பளத்துக்கு முன்னால் மேற்பார்வைக்கு யார் இருக்கிறார் என்று கேளுங்கள்.

படிப்பைப் பொறுத்தவரை, எம்.எஸ்சி. மட்டும் போதாது. மருத்துவ உளவியலாளராக வேண்டுமென்றால் இந்திய மறுவாழ்வுக் குழு அங்கீகரித்த பயிற்சிப் படிப்பும் பதிவும் வேண்டும். நான் படித்தது இரண்டு வருட எம்.ஃபில்.; இப்போதைய விதிகளைக் குழுவின் தளத்திலேயே பார்த்துவிடுங்கள்.

இந்தக் கேள்வியை வேலைக்காக இல்லாமல் உங்களுக்காகவே தேடி வந்திருந்தால், 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலிமானஸ் சேவை, கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104-லும் பேசலாம். 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் 1098-உம் உண்டு. என்ன பேசுவது என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எடுப்பவர் கேட்பார்.