சஃப்வெத் பேக் பஷாகிச்: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: போஸ்னிய வரலாற்றாசிரியர் பஷாகிச் யார்?

1870இல் ஹெர்ஸகோவினாவின் நெவெசினியேயில் பிறந்தார், 1934இல் சரயேவோவில் மறைந்தார். கவிஞரும்கூட. 1910இல் வியன்னாவில் முனைவர் பட்டம் வாங்கினார்; அதே ஆண்டு போஸ்னிய சட்டமன்றத் தலைவரும் ஆனார்.

கேள்வி: 'பேக்' குடும்பப் பெயரா?

இல்லை, நிலவுடைமைக் குடும்பத்தாருக்கான பட்டம். தந்தை இப்ராஹிம் பேக்கும் கவிஞர்தான். மகனுடைய நூல்களின் முகப்பில் 'பஷாகிச்-ரெஜெபாஷிச்' என்று இரட்டைப் பெயர் இருக்கும். பின்பாதியைப் பிரித்துப் பாருங்கள்: ரெஜெப் பாஷா, 'இச்'. ரெஜெப் பாஷாவின் வழிவந்தவர் என்று பொருள். தாய் வழியிலும் பெரிய இடம்தான், செங்கிச் குடும்பம்.

கேள்வி: குரோவேஷியரா, போஸ்னியாக்கா (போஸ்னிய முஸ்லிம் இனத்தவரா)?

எந்த ஆண்டில் என்று சேர்த்துக் கேளுங்கள். 1891இல் 'போஸ்னியருக்கு' என்று கவிதை எழுதியவரே குரோவேஷியர் என்றும் சொல்லிக்கொண்ட காலம் உண்டு. ஆண்டு போடாத மேற்கோளை நம்பாதீர்கள்.

கேள்வி: முன்னோர் சேர்த்த சுவடிகளை அயல்நாட்டுக்கு விற்றது துரோகம் இல்லையா?

இதற்கு நிதானமாகவே பதில் சொல்ல வேண்டும். அரபு, துருக்கி, பாரசீகச் சுவடிகளைத் தேடித்தேடிச் சேர்த்தவர் அவர். போஸ்னியாவில் பிறந்தவர்கள் இந்த மொழிகளில் எழுதியவற்றைத் திரட்டி 1912இல் நூலாக்கினார். அந்த நூலுக்கு ஆதாரமே இந்த மாதிரிச் சுவடிகள்தான். பால்கனில் ஓயாத கொந்தளிப்பு. பத்திரமான இடம் தேடினார். 1924இல் தொகுப்பு, இன்றைய ஸ்லோவாக்கியாவிலுள்ள பிராட்டிஸ்லாவா பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனது.

இனி 1992க்கு வாருங்கள். போஸ்னியப் போர்க்காலம். மே 17 அன்று குண்டுவீச்சில் சரயேவோவின் கீழைத்தேயவியல் நிறுவனம் எரிந்தது. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட சுவடிகள் சாம்பல். ஆகஸ்டில் தேசிய நூலகம் எரிந்தது. கருகிய தாள்கள் நகரத்தின் மேல் பறந்து கூரைகளில் விழுந்தன. அவருடைய தொகுப்பு அந்த ஊரிலேயே இருந்திருந்தால் தப்பியிருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

கேள்வி: இருந்தாலும் காசுக்குத்தானே கொடுத்தார்?

விலை வாங்கினார், ஆமாம். வாழ்நாள் சேமிப்பு அது. ஏலத்தில் ஒவ்வொன்றாகச் சிதறவிடாமல், 284 சுவடித் தொகுதிகளையும் அச்சு நூல்களையும் ஒரே கூரையின் கீழ் நிறுத்தினார். எனக்கு அதுதான் முக்கியம். 1997இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் இந்தத் தொகுப்பு ஏறியது.

கேள்வி: அவர் குரோவேஷியர்தானே?

மேலே படியுங்கள். ஆண்டு!

கேள்வி: துருக்கியர் ஆட்சி நல்லதா கெட்டதா?

தனியாகப் பேச வேண்டிய விஷயம். இங்கே வேண்டாம்.

கேள்வி: விற்றதை நியாயப்படுத்துகிறீர்களே, போஸ்னிய மாணவர் அதைப் படிக்க வேற்று நாட்டுக்கல்லவா போக வேண்டும்?

இந்தக் கேள்வியில் வலு இருக்கிறது. பல தலைமுறை மாணவர்கள் அந்தத் தூரத்தைச் சுமந்தார்கள், இழப்புதான், மறுக்கமாட்டேன். இப்போது பல சுவடிகளின் படங்கள் இணையத்திலேயே கிடைக்கின்றன. சரயேவோவில் உட்கார்ந்தே ஏடு ஏடாகப் புரட்டலாம்.