அம்மாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வந்தது. நல்ல பழக்கங்களால் எனக்கு வராமல் தடுக்க முடியுமா?

வயதைச் சொல்லவில்லை. முப்பதைத் தாண்டி, கொழும்பில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர் என்று வைத்துக்கொள்கிறேன். நடங்கள், மரக்கறி சாப்பிடுங்கள், புகையையும் மதுவையும் விடுங்கள் என்பார்கள். எல்லாம் சரிதான். தினமும் 50 கிராம் சொசேஜஸ் மாதிரியான பதப்படுத்திய இறைச்சி தின்றால் ஆபத்து சுமார் 18 சதவீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே 2015இல் சொன்னது.

ஆனால் என் அம்மாவைக் கேளுங்கள். ஹற்றன் பக்கம் முப்பது வருடம் கூடையோடு மலை ஏறித் தேயிலைக் கொழுந்து பறித்தவர். இறைச்சி தீபாவளிக்குத்தான். அவருக்கு 52 வயதில் வந்தது. மலத்தில் இரத்தம் போனதை மூலம் என்று நம்பி, ஒன்றரை வருடம் துத்திக்கீரை வதக்கிக் கொடுத்தோம். களைப்புக்குத் தோட்ட டிஸ்பென்சரியில் இரும்புச்சத்து மாத்திரை. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், எந்தப் பெண்ணுக்குத்தான் இரத்தம் குறைவில்லை? எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை, நானும்தான்.

குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தபிறகு வைத்தியர், "தினமும் நடங்கள் அம்மா" என்றார். "இனியாவது உட்காரச் சொல்லுவீங்கன்னு நினைச்சேன்" என்று அம்மா சிரித்துவிட்டார்.

பழக்கத்தால் பயனில்லை என்று நான் பரப்புவதாக யாரும் சண்டைக்கு வரவேண்டாம். நான் வைத்தியரும் இல்லை. எங்கள் வீட்டில் மூன்று வேளையும் கோதுமை மா ரொட்டியும் சம்பலும்தான். அதில் நார்ச்சத்து எங்கே? பக்கத்துத் தோட்டத்துக் கரட்டும் லீக்ஸும் லொறியேறிப் போய்விடும். மலையில் கழிப்பறை இல்லாததால் அம்மா பகலில் தண்ணீரே குடிப்பதில்லை. இதனால்தான் வந்தது என்று சொல்லவில்லை. எனக்கு உறுத்துகிறது, அவ்வளவுதான்.

உங்களுக்கு முக்கியமானது வேறு. பெற்றோருக்கு வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவர்களுக்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பு, எது முந்தியதோ அப்போதே கொலனோஸ்கோபி, அதாவது பெருங்குடலுக்குள் கமராக் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை, செய்யச் சொல்கிறார்கள். நான் பயந்து தள்ளிப்போட்டு 43இல் செய்தேன். பொலிப் எனப்படும் இரண்டு சிறு முளைகள் இருந்தன. அப்போதே வெட்டி எடுத்துவிட்டார்கள். அவை புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து வருடம்வரை ஆகுமாம். வலியில்லை. முதல்நாள் இரவு பேதி மருந்தைக் குடித்துவிட்டு மழையில் குடையோடு லயத்துக் கழிப்பறைக்குப் பதினொரு முறை ஓடியதுதான் கொடுமை.

அதைவிட எரிச்சல், சோதனைக்கு முன் என்ன சாப்பிடலாம் என்ற தாள் முழுக்கச் சிங்களத்தில் இருந்தது. தமிழ் 1987 முதல் அரசகரும மொழி, சட்டப் புத்தகத்தில். ஆட்டோக்காரத் தம்பிதான் வாசித்துச் சொன்னார். "சிவப்பு நிறப் பானம் குடிக்கக்கூடாது" என்ற வரிக்கு அவர் வந்தபோது, என் கையிலிருந்த சிவப்புச் சோடாவில் பாதி முடிந்திருந்தது.