செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை: டெல்லி வாசகர்களின் கார் கேள்விகள்

கேள்வி: எங்களிடம் இருப்பது ஏழு வருடப் பழைய சிஎன்ஜி கார். டிசம்பர் பிறந்ததிலிருந்து காலையில் ஸ்டார்ட் ஆகாமல் படுத்துகிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின்தான் பிடிக்கவில்லை. குளிருக்குப் பேட்டரி போய்விட்டது என்று மெக்கானிக் சொன்னதால் புதுப் பேட்டரியும் போட்டாயிற்று, அப்படியும் அதே கதைதான். பிள்ளைகளை ஸ்கூலில் விடும் நேரத்தில் தினமும் ஆட்டோ பிடிக்க ஓடுகிறேன். என்ன செய்வது சார்?
(வாசகி, மயூர் விஹார்)

பதில்: அம்மா, செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் பேட்டரியும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் அவற்றின் வேலையைச் செய்துவிட்டன, கோளாறு அதற்கு அப்பால்தான். பழைய பேட்டரியைக் கழற்றும் முன் ஒரு மல்டிமீட்டரை வைத்துப் பார்த்திருக்க வேண்டும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12க்கு இறங்கியிருந்தால் கிட்டத்தட்ட காலி, செல்ஃப் சுற்றும்போது 9.6க்குக் கீழே போகாவிட்டால் அந்தப் பேட்டரியை இன்னும் ஓட்டலாம். ஐந்து நிமிட வேலை. இதைக்கூடச் செய்யாமல் ஒரு குடும்பத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவு வைப்பது எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது.

சரி, இப்போது உங்கள் பெட்ரோல் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பல சிஎன்ஜி கார்கள், குளிர்ந்து கிடக்கும் இன்ஜினை பெட்ரோலில்தான் ஸ்டார்ட் செய்யும், கொஞ்சம் சூடேறிய பிறகுதான் கேஸுக்கு மாறும். இது தெரியாமலோ, தெரிந்தும் கேஸ் மலிவு என்பதாலோ, நிறைய பேர் பெட்ரோலை ரிசர்வ் கோட்டுக்குக் கீழே விட்டுவிட்டு மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். டேங்குக்குள் இருக்கும் பம்பைக் குளிர வைப்பதே அந்தப் பெட்ரோல்தான், அது குறைந்தால் பம்ப் சூடாகித் தேய்கிறது. மிச்சமிருக்கும் கொஞ்சம் பெட்ரோலும் பழசாகி எளிதில் பற்றும் பகுதியை இழந்துவிடுகிறது. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் வேறு கலந்திருக்கிறது, அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வெயில் காலத்தில் எப்படியோ சமாளித்துவிடும் வண்டி, டெல்லி டிசம்பரில் ஐந்தாறு டிகிரிக் குளிரில் மாட்டிக்கொள்கிறது.

நாளைக் காலை கார் பக்கத்தில் போனதும் கேஸ் வாடை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் சாவியைத் தொடவே வேண்டாம், கதவுகளையும் டிக்கியையும் திறந்து வைத்துவிட்டு, சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வாடை இல்லையென்றால் சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்பி, பின் சீட் பக்கம் காது கொடுங்கள், இரண்டு விநாடி மெல்லிய ரீங்காரம் கேட்க வேண்டும், அதுதான் பம்ப். சத்தமே இல்லையென்றால் பம்பின் ஃபியூஸ், ரிலே, அப்புறம் பம்ப் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். சத்தம் கேட்டால் ஆஃப் செய்து, மறுபடி ஆன் செய்து, இப்படி மூன்று நான்கு முறை செய்த பிறகு செல்ஃப் கொடுங்கள். அப்போது சட்டென்று பிடித்தால், ராத்திரியில் எரிபொருள் அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று அர்த்தம்: பம்பின் வால்வோ இன்ஜெக்டரோ கசிகிறது. அப்படியும் பிடிக்காவிட்டால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கேஸைப் பற்ற வைக்க பெட்ரோலைவிட அதிக வோல்ட்டேஜ் தேவை என்பதால் சிஎன்ஜி வண்டிகளில் பிளக் சீக்கிரம் தேயும். ஒரு விஷயம், செல்ஃபை ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள், நடுவில் அரை நிமிடமாவது விடுங்கள், இல்லாவிட்டால் புதுப் பேட்டரியோடு ஸ்டார்ட்டரும் போய்விடும்.

இதையெல்லாம் செய்வதற்கு முன்பே பத்து லிட்டர் பெட்ரோல் போட்டுவிடுங்கள். உங்கள் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது. தீர்ந்தாலும், இனி கால் டேங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

கேள்வி: என்னுடையது பிஎஸ் 4 டீசல் கார், அதாவது பழைய புகை விதிப்படி வந்தது. காற்று மாசு கூடும்போது டெல்லியில் போடும் கிராப் கட்டுப்பாடுகளின் மூன்றாம் கட்டம் வந்ததும் ஓட்டக் கூடாது என்று நிறுத்தி வைத்தேன். மூன்று வாரம் கழித்து சாவியைத் திருப்பினால் டிக்டிக்டிக் என்று மட்டும் சத்தம் வருகிறது. பேட்டரி நாலு வருடப் பழசு.
(வாசகர், ஜனக்புரி)

பதில்: ஐயா, உங்களுக்குப் பேட்டரியேதான். கார் பூட்டிக் கிடந்தாலும் அலாரமும் கடிகாரமும் கம்ப்யூட்டரும் 50 மில்லி ஆம்பியர் வரை குடித்துக்கொண்டே இருக்கும், ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர், மூன்று வாரத்தில் 25. நாலு வருடம் உழைத்த பேட்டரிக்கு அது தாங்காது. டாஷ் கேமரா இருந்தால் இன்னும் மோசம்.

பக்கத்து வீட்டு வண்டியிலிருந்து ஜம்ப்பர் கேபிள் போடலாம். வரிசை முக்கியம்: சிவப்பு முதலில் உங்கள் பாசிட்டிவில், மறுமுனை அவர்கள் பாசிட்டிவில், கறுப்பு அவர்கள் நெகட்டிவில், கடைசி முனை உங்கள் இன்ஜினின் வெறும் இரும்பில். உங்கள் பேட்டரியின் நெகட்டிவில் மாட்டாதீர்கள், பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறலாம், கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும். அவர்கள் இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு, பிறகு டாஷ்போர்டில் சுருள் வடிவ விளக்கு (டீசல் இன்ஜின் சூடேறுவதைக் காட்டுவது) அணையும்வரை காத்திருந்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஓடும்போது டெர்மினலில் 13.8 முதல் 14.5 வோல்ட் இருந்தால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் நலம். தடை அமலில் இருந்தால் ரோட்டில் ஓட்டிச் சார்ஜ் ஏற்ற முடியாது, பேட்டரியைக் கழற்றி சார்ஜரில் போடுங்கள். தினமும் பத்து நிமிடம் ஐடிலில் விட்டால் போதும் என்று சொல்வார்கள், கேட்காதீர்கள். அதில் சார்ஜும் சரியாக ஏறாது, அந்தப் புகையை உங்கள் காலனிப் பிள்ளைகள்தான் சுவாசிப்பார்கள். அடுத்த முறை நிறுத்தும்போதே நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைத்துவிடுங்கள், பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும்.

கேள்வி: பட்டன் ஸ்டார்ட் கார். ரிமோட் கையில் இருக்கும்போதே சாவி இல்லை என்று காட்டுகிறது.
(வாசகி, ஆர்.கே. புரம்)

பதில்: ரிமோட்டுக்குள் இருக்கும் பட்டன் செல் தீர்ந்திருக்கும். பிரேக்கை மிதித்துக்கொண்டு ரிமோட்டாலேயே ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள், பல கார்களில் இது வேலை செய்யும். சில கார்களில் ரிமோட்டை வைக்க வேறு இடம் இருக்கும், கையேட்டில் போட்டிருப்பார்கள். செல் பெரும்பாலும் சிஆர் 2032, கடிகாரக் கடையிலேயே கிடைக்கும், பழையதைக் கழற்றி அதிலுள்ள எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.