48 மணி நேரத்துல முடியாத படமும் 9 நாள் தள்ளிப்போன கார்டு பில்லும்

கேள்வி:

அண்ணாச்சி வணக்கம். எனக்கு கல்லிடைக்குறிச்சி. தனியார் ஸ்கூல்ல டீச்சரா இருக்கேன், சம்பளம் மாசம் 7ஆம் தேதி அக்கவுண்ட்ல ஏறும். வீட்டுல நானும் ஏழாப்பு படிக்க பையனும் எங்க அத்தையும்தான், எங்க வீட்டுக்காரவுகளுக்கு தூத்துக்குடில வேலை, வாரக் கடைசில வருவாவ. போன மூணு மாசத்துல ஆன்லைன்ல வாடகைக்கு படம் எடுத்துப் பாத்தோம். எனக்கும் பையனுக்கும் புதுப்படம் ரெண்டு, ஒண்ணு 149 ரூபா. அத்தைக்கு பழைய படம் ரெண்டு, ஒண்ணு 75. அத்தை மதியம் சாப்பிட்டுட்டு ஒரு மணி நேரம் பாப்பாவ, பொறவு கண் அசந்துருவாவ. முடிக்கதுக்குள்ள படம் லாக் ஆயிருது, திரும்ப 75 கட்டுதேன். இப்படி மூணு தடவ கட்டியாச்சு, ஒரு படத்தை இன்னும் அவுக முழுசா பாத்த பாடில்ல. எல்லாம் கிரெடிட் கார்டுலதான். அதுல ஒரு மாசம் சிலிண்டர், பலசரக்கு, பையன் ஷூ எல்லாம் சேத்து பில் 6,000. கடைசி நாள் 3ஆம் தேதி, நான் 12ஆம் தேதி முழுசும் கட்டிட்டேன். அடுத்த பில்லுல 916 ரூபா கூடுதலா போட்டிருக்கான். வீட்டுல சத்தம் ஆயிருச்சு, இனிமே எனக்கு படமே வேண்டாம்னு அத்தை சொல்லிட்டாவ. வருஷத்துக்கு 1,499 சந்தா கட்டிட்டா இந்தத் தொல்லை போயிருமா?

பதில்:

தங்கச்சி, மொதல்ல அத்தைகிட்ட போய் சொல்லுங்க, அந்த 916-க்கும் அவுக பாத்த படத்துக்கும் சம்மந்தமே இல்லன்னு. இத நான் ஆறுதலுக்குச் சொல்லல, கணக்கே அப்படித்தான் இருக்கு. அத்தை கண் அசந்ததால போனது மூணு 75, அதாவது 225 ரூபா. அந்த 916 கார்டு பில் தேதி தப்புனதால வந்தது. நீங்க ஒரு படமும் எடுக்காம சிலிண்டரும் பலசரக்கும் மட்டும் வாங்கியிருந்தாலும் 12ஆம் தேதி கட்டுனா ஏறக்குறைய இதே துட்டு போயிருக்கும். ரெண்டையும் ஒண்ணாக் கட்டி வயசானவுக தலைல வச்சது தப்பு, அத மட்டும் இன்னைக்கே சரி பண்ணிருங்க.

இப்ப அந்த 225-ஐ பாப்போம். ஆன்லைன் வாடகைல பொதுவா ரெண்டு கெடு இருக்கும். துட்டு கட்டுன நாள்ல இருந்து 30 நாளுக்குள்ள படத்தை ஆரம்பிக்கணும், ஆரம்பிச்சுட்டா 48 மணி நேரத்துல முடிக்கணும். சில படத்துக்கு இது மாறும், வாடகை எடுக்கிற ஸ்க்ரீன்லயே எழுதியிருப்பான், பட்டனை அமுக்கதுக்கு முன்னாடி ஒரு தடவ படிச்சுக்கிடுங்க. உங்க வீட்டுல என்ன நடந்திருக்கும்னு நான் போட்டுப் பாத்தேன். சனிக்கிழமை மதியம் ரெண்டு மணிக்கு அத்தைக்கு படத்தைப் போட்டு விடுதிய, மூணு மணி வரை பாக்காவ, தூங்கிருதாவ. ஞாயிறு ரெண்டுல இருந்து மூணு, அதே மாதிரி. திங்கக்கிழமை அவுக சாப்பிட்டு கை கழுவிட்டு வந்து உக்காரும்போது மணி ரெண்டு, கரெக்டா அந்த நிமிசம்தான் 48 மணி நேரமும் முடியுது. பழைய படம் ரெண்டே முக்கா, மூணு மணி நேரம் ஓடும்லா, அப்ப ஒவ்வொரு தடவையும் மொதல்ல இருந்து பாத்தா, மூணாவது உக்காருல வர்ற கிளைமாக்ஸ் அவுகளுக்கு எத்தனை 75 கட்டுனாலும் கிடைக்காது. அத்தை தூக்கத்தை குத்தம் சொல்லாதீங்க, அந்தக் கெடு அவுக பாக்கிற பழக்கத்துக்கு ஒத்து வரல, அவ்வளவுதான்.

அதனால அத்தைக்கு வாடகைப் படமே எடுக்க வேண்டாம். பழைய தமிழ்ப் படம் நிறைய, உரிமை வச்சிருக்கிற கம்பெனிங்களே யூடியூப்ல முழுசா இலவசமா போட்டிருக்காங்க, நடுவுல விளம்பரம் வரும், ஆனா கெடு கிடையாது. நாலு நாள் கழிச்சு விட்ட இடத்துல இருந்து பாத்துக்கிடலாம். படத்தோட பேரை தமிழ்ல ஒரு தடவ இங்கிலீஷ்ல ஒரு தடவ அடிச்சுத் தேடுங்க, ரெண்டே முக்கா மணி நேரம்னு நீளம் காட்டுறதா பாத்து எடுங்க, துண்டு துண்டா போட்டிருக்கதை விட்டுருங்க. தேடியும் இல்லாத படம்னா மட்டும் வாடகை, அதையும் உங்க வீட்டுக்காரவுக இருக்கிற சனிக்கிழமை காலைல ஆரம்பிங்க, அன்னைக்கு ரெண்டு தடவ மறுநாள் ஒரு தடவன்னு உக்காந்தா முடிஞ்சிரும். துட்டு முன்னாடியே கட்டி வச்சாலும் பரவால்ல, ப்ளே பட்டனை மட்டும் யாரும் சும்மா அமுக்கிப் பாக்கக் கூடாது, பையன்கிட்ட கண்டிப்பா சொல்லி வைங்க.

சந்தா கேட்டிருக்கிய. உங்க கணக்கையே எடுத்துக்கிடுவோம், மூணு மாசத்துக்கு நீங்களும் பையனும் பாத்தது ரெண்டு புதுப்படம், அப்ப வருஷத்துக்கு எட்டு, எட்டு 149 போட்டா 1,192 ரூபா. சந்தாவோ 1,499. அத்தை பங்கு யூடியூப்ல இலவசமா போயிருச்சு. அது போக, வாடகைக்கு விடுற புதுப்படம் சந்தா கட்டுனவங்களுக்கும் அந்த நேரத்துல தனி வாடகைதான்னு பல இடத்துல இருக்கு, 1,499 கட்டிட்டு அது மேல 149-ம் கட்டுற நிலைமை வரும். சந்தா வேண்டாம். மே மாசம் பையனுக்கு லீவு, தினம் ஒண்ணு பாப்போம்னு தோணுச்சுன்னா அந்த ஒரு மாசத்துக்கு மட்டும் மாசச் சந்தா போடுங்க, போட்ட அன்னைக்கே ஆட்டோ ரினியூவலை ஆஃப் பண்ணிருங்க, ஆஃப் பண்ணாலும் பொதுவா கட்டுன மாசம் முடியிற வரைக்கும் ஓடும். கார்டுல தானா துட்டு எடுக்கிறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி மெசேஜ் அனுப்பணும்னு ரிசர்வ் பேங்க் 2021 அக்டோபர்ல இருந்து கட்டாயம் ஆக்கியிருக்கு, அந்த மெசேஜை விளம்பரம்னு நினைச்சு தள்ளி விடாதீங்க, அதுலயே நிறுத்துறதுக்கு வழி இருக்கும்.

சரி, பெரிய விஷயத்துக்கு வாரேன். 916 எப்படி வந்துச்சுன்னு பில்லை எடுத்து வச்சுக்கிட்டு பாருங்க. லேட் ஃபீஸ் 500, அதுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் 90, ஆக 590. மீதி 326 வட்டி. கார்டு வட்டி மாசம் மூன்றரை சதவீதம்னா கேக்க சின்னதா இருக்கும், வருஷத்துக்கு அது 42. முழுத் தொகையையும் தேதிக்குள்ள கட்டலன்னா 3ஆம் தேதில இருந்து 9 நாளுக்குத்தான் வட்டின்னு எல்லாரும் நினைக்காங்க, அப்படி இல்ல தங்கச்சி, சிலிண்டர் வாங்குன தேதி, ஷூ வாங்குன தேதின்னு ஒவ்வொண்ணும் வாங்குன நாள்ல இருந்தே ஓட ஆரம்பிச்சிரும். 6,000-க்கு ஒரு நாளைக்கு ஏழு ரூபாக்கு கொஞ்சம் கம்மி, சராசரியா 40 நாள்னு வச்சா 276, அதுக்கும் ஜிஎஸ்டி 50. கூட்டிப் பாருங்க, 916.

இதுல என் மனசு ரொம்ப சங்கடப்பட்டது எங்கன்னா, கெடு முடிஞ்சு மூணு நாளுக்கு மேல போனாத்தான் லேட் ஃபீஸ் போடலாம்னு ரிசர்வ் பேங்க் விதி இருக்கு. உங்களுக்கு 3ஆம் தேதி கடைசி, அப்ப 6ஆம் தேதிக்குள்ள கட்டியிருந்தா அந்த 590 வந்திருக்காது. உங்க சம்பளம் 7ஆம் தேதி! ஒரே ஒரு நாள் இடைவெளில மாட்டியிருக்கிய. நீங்க மறந்து போய் விட்ட மாதிரி எனக்குத் தெரியல, கைல துட்டு இல்லாத நாளா பாத்து கெடு வச்சிருக்கான், ஒவ்வொரு மாசமும் இப்படித்தான் திண்டாடுவிய.

இந்த மாதிரி கெடு என்ன பண்ணும்னு எனக்கு சின்ன வயசுலயே தெரியும். 1993-ல நான் ஒம்பதாப்பு, எங்களுக்கு வீரவநல்லூர். எங்க தெரு அம்மன் கோயில் கொடைத் திருவிழா முடிஞ்ச மறுநாள் ராத்திரி டிவியும் வீடியோ கேசட் ஓட்டுற டெக்கும் எடுத்து தெருவுல படம் போடுவாங்க, அந்த வருஷம் பொறுப்பு எங்க அப்பா. அம்பாசமுத்திரத்துல ஒரு கேசட் கடைல மூணு கேசட், ஒரு கேசட்டுக்கு ஒரு நாளைக்கு பத்து ரூபா வாடகை, மறுநாள் காலைல பத்து மணிக்குள்ள வந்துரணும்னு பேச்சு. ரெண்டாவது படத்துல நாடா டெக்குக்குள்ள சிக்கிருச்சு. அப்பா டார்ச் லைட்டை வாய்ல கவ்விக்கிட்டு மூடியைக் கழட்டி பைய பைய நாடாவை உருவுனாவ, நான் பென்சிலை சக்கரத்துல விட்டு சுத்திக்கிட்டே இருந்தேன், விடிஞ்சே போச்சு. நாடா அறுந்து போகாம வந்துச்சு, ஆனா அப்பாவுக்கு மில்லுல ஷிப்ட், கேசட்டைக் கொண்டு போய்க் குடுக்க நாலு நாள் ஆயிருச்சு. கடைக்காரர் நீளமான நோட்டுல எங்க அப்பா பேருக்கு நேரா விரலை வச்சு, மூணு கேசட் நாலு நாள், நூத்தி இருவதுன்னாரு. அப்பா ஒரு வார்த்தை பேசல, சட்டைப் பைல இருந்து எண்ணி வச்சாவ, எங்க அக்காவுக்கு தாவணி எடுக்க வச்சிருந்த துட்டு அது. பஸ்ல வரும்போது என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாவ, ஷிப்ட் இருக்குன்னு தெரிஞ்சும் பத்து மணின்னு ஒத்துக்கிட்டேன் பாரு, அங்கனயே சாயங்காலம் தாரேன்னு கேட்டிருக்கணும்.

இப்படி கேள்விக்குப் பதில் சொல்லுற தொழிலுக்கு நான் வந்த பொறவும் கெடு சம்மந்தமா யார் வந்து கேட்டாலும் அந்த வார்த்தைதான் ஞாபகம் வரும். அமெரிக்காவுல பிளாக்பஸ்டர்னு 1985-ல டல்லாஸ்ல ஆரம்பிச்ச வீடியோ கடை, 2000-ஆம் வருஷம் லேட் ஃபீஸ்ல மட்டும் சுமார் 80 கோடி டாலர் பாத்துச்சு, மொத்த வருமானத்துல ஏறக்குறைய 16 சதவீதம். ஜனங்க கோவம் கூடுனதும் 2005-ல இனிமே லேட் ஃபீஸ் கிடையாதுன்னு விளம்பரம் பண்ணாங்க, ஆனா ஒரு வாரத்துக்கு மேல போனா படத்தோட முழு விலையையும் கணக்குல ஏத்திருவாங்க, திருப்பிக் குடுத்தாலும் ஒண்ணேகால் டாலர் பிடிச்சுக்கிடுவாங்க. 47 மாநிலம் சேந்து கேள்வி கேட்டு, கடை துட்டு குடுத்து சமாதானத்துக்கு வந்துச்சு. அதுக்கு முன்னாடியே 1999-ல நெட்ஃபிளிக்ஸ் லேட் ஃபீஸே இல்லாத மாசச் சந்தாவை தபால் டிவிடிக்கு கொண்டு வந்துருச்சு, 2010 செப்டம்பர்ல பிளாக்பஸ்டர் திவால் மனு போட்டுச்சு. கடை போச்சு, ஆனா கெடு தப்புறவங்ககிட்ட துட்டு பாக்கிற தொழில் போகல. இன்னைக்கு அது உங்க வீட்டுல கார்டு பில்லா வந்து நிக்குது.

அப்ப எங்க அப்பா கேக்காம விட்டதை நீங்க கேளுங்க. கார்டு கம்பெனி கஸ்டமர் கேருக்கு போன் போட்டு, பில்லிங் சைக்கிளை, அதாவது மாசா மாசம் பில் போடுற தேதியை மாத்தணும், எனக்கு சம்பளம் 7ஆம் தேதி, கடைசி நாள் 12-க்கு மேல வர்ற மாதிரி வேணும்னு சொல்லுங்க. ஒரு தடவையாவது இப்படி மாத்திக்கிட வாடிக்கையாளருக்கு வசதி குடுக்கணும்னு 2024 மார்ச்ல ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கு, அதனால தயங்க வேண்டாம், ஆப்புலயே மாத்துற வசதி சில கார்டுக்கு இருக்கு. அதே போன்ல, இதுவரைக்கும் ஒழுங்கா கட்டியிருந்தா, லேட் ஃபீஸை ரிவர்ஸ் பண்ணித் தாங்கன்னும் கேளுங்க. குடுத்தே ஆகணும்னு விதி இல்ல, ஆனா மொத தடவைன்னா தன்மையா கேட்டு வாங்குனவங்களை நான் பாத்திருக்கேன், 500 போனா அதோட ஜிஎஸ்டி 90-ம் சேந்து திரும்ப வரணும், அதையும் கேட்டு வாங்கிருங்க. பேசுன தேதியையும் கம்ப்ளெய்ன்ட் நம்பரையும் எழுதி வச்சுக்கிடுங்க.

தேதி மாறுற வரைக்கும் நடுவுல ஒரு மாசம் இதே இடைவெளி வரலாம். அப்ப 3ஆம் தேதிக்குள்ள மினிமம் டியூ, அதாவது குறைஞ்சது இவ்வளவு கட்டணும்னு பில்லுல போட்டிருக்க தொகை மட்டுமாவது, அது உங்க பில்லுக்கு 300 போல இருக்கும், யூபிஐல கட்டிருங்க, 7ஆம் தேதி சம்பளம் ஏறுன அன்னைக்கே மீதி மொத்தமும் கட்டிருங்க. லேட் ஃபீஸ் வராது. வட்டி வரும், அதை மறைச்சு சொல்ல மாட்டேன், ஆனா 590 மிஞ்சும். மினிமம் கட்டுனா போதும்னு பில்லுல போட்டிருக்கதை மட்டும் பழக்கம் ஆக்கிராதீங்க, பாக்கி இருக்கிற வரைக்கும் நீங்க புதுசா வாங்குற காப்பித்தூளுக்கும் வாங்குன அன்னைல இருந்தே வட்டி ஓடும். பாக்கி முழுசா தீர்ற வரைக்கும் கார்டை பீரோல வச்சுட்டு பலசரக்கை ரொக்கத்துல வாங்குங்க.

அந்த கேசட்டுக்குப் பொறவு எங்க அப்பா ஒரு வேலை பண்ணுவாவ. தினசரி காலண்டர்ல, எந்தத் தேதில குடுக்கணுமோ அதுக்கு முந்துன நாள் தாள்ல பேனாவால கொட்டை எழுத்துல 'கேசட்'னு எழுதி வச்சிருவாவ, காலைல தாளைக் கிழிக்க வர்றவங்க கண்ணுல அது படாம போகாது. உங்க வீட்டுலயும் தாளைக் கிழிக்கிறது அனேகமா அத்தையாத்தான் இருக்கும். கெடு தேதி மாறுன பொறவு, ஒவ்வொரு மாசமும் சம்பளத்துக்கு மறுநாள் 8ஆம் தேதி தாள்ல 'கார்டு'ன்னு அவுக கையாலயே எழுதச் சொல்லுங்க. இந்த ஞாயித்துக்கிழமை, அவுக ரெண்டு தடவ பாதில விட்ட படம் யூடியூப்ல இருக்கான்னு தேடிப் பாத்து, எந்த சீன்ல தூங்கினாவன்னு அவுககிட்டயே கேட்டு அங்கன இருந்து போட்டு விடுங்க.