எச்.ஐ.வி. கிருமியைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரை தொடர்ந்து சாப்பிட்டால் எச்.ஐ.வி. டெஸ்ட் நெகட்டிவ் என்று வருமா?

வராது. வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று பார்க்கும் டெஸ்ட், அதன் ரிப்போர்ட்டில் கிருமி தென்படவில்லை என்று வந்த சந்தோஷத்தில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தச் சந்தோஷம் நியாயமானது. ஆனால் அதே வேகத்தில் வெளியே காசு கட்டி எலிசா என்ற எச்.ஐ.வி. ரத்த டெஸ்டை எடுத்துவிடாதீர்கள். ஏற்கெனவே எடுத்திருந்தால், மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

நான் டாக்டர் இல்லை. எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கும் நம்பிக்கை மையத்தில் 14 ஆண்டுகள் லேப் டெக்னீஷியனாக இருந்தவள். "டெக்னீஷியனுக்கு என்ன தெரியும்" என்று கேட்பவர்களுக்கு: முதல் கிட்டில் புள்ளி விழுந்தவுடன் வாயைத் திறக்காமல், இன்னும் இரண்டு வேறு கிட்டுகளில் பார்த்து, மூன்றிலும் விழுந்த பிறகே பாசிட்டிவ் என்று எழுதிய கை இது.

ஒருநாள் மளிகைக்கடைக்காரர் ஒருவர் வந்தார். ஆறு ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடுபவர். கடைசி வைரல் லோடில் கிருமி தென்படவில்லை. சட்டையின் உள்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். வியர்வையில் மடிப்பு நைந்திருந்தது. ஒரு தனியார் லேபின் ஆன்டிபாடி ரிப்போர்ட், "ரியாக்டிவ்", அதாவது ஆன்டிபாடி இருக்கிறது.

"மேடம், இவ்வளவு நாள் தின்ற மாத்திரை வீண்தானே?"

அந்தத் தாள் வந்த நாளோடு மாத்திரையை நிறுத்தியிருந்தார். ஐந்து வாரம் ஆகியிருந்தது.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். ஆன்டிபாடி பார்க்கும் எலிசாவும் புள்ளி கிட்டும் கிருமியைப் பார்ப்பதில்லை. கிருமியைக் கண்டு உடம்பு உண்டாக்கிய ஆன்டிபாடியைத்தான் பார்க்கின்றன. கிருமியைத் திருடன் என்றும் ஆன்டிபாடியை வீட்டு நாய் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். திருடன் பரணில் ஒளிந்திருக்கிறான், நாய் குரைத்துக்கொண்டே இருக்கிறது. மாத்திரை என்ற பூட்டு அவனைக் கீழே இறங்க விடாமல் வைத்திருக்கிறது. நாய் குரைப்பதால் பூட்டு சரியில்லை என்று ஆகிவிடாது. பூட்டு சரியா என்று காட்டுவது வைரல் லோடு. ஒரு மில்லி ரத்தத்தில் கிருமி 1000 பிரதிகளுக்குக் கீழே இருந்தால் மருந்து கட்டுப்படுத்துகிறது என்று நம் நாட்டில் கணக்கு. முதல் ஆண்டில் ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை எடுப்பார்கள்.

பிறந்த சில நாட்களிலேயே மருந்து தொடங்கிய குழந்தைகள் சிலருக்கு ஆன்டிபாடி மறைந்துபோவதுண்டு, கிருமி போயிருக்காது. இதை எழுதாவிட்டால் யாராவது படித்தவர் வந்து திருத்துவார். அதேபோல தாயின் ஆன்டிபாடி ஒன்றரை வயது வரை குழந்தை ரத்தத்தில் இருக்கலாம். அதனால்தான் ஆறாவது வாரத்தில் குதிகாலில் குத்தி, அட்டையில் ரத்தப் பொட்டு எடுத்துக் கிருமியின் மரபணுவையே தேடுகிறோம். அந்த ஊசியைப் பிடித்துக்கொண்டு குழந்தையின் அழுகையைக் கேட்பது எங்கள் வேலை. கடைசி வரை ஒப்பந்தச் சம்பளம். பொங்கல் போனஸ் பட்டியலில் ஒரு வருடம்கூட என் பெயர் வந்ததில்லை. சரி, அது வேறு கதை.

மளிகைக்கடைக்காரருக்கு அடுத்து எடுத்த வைரல் லோடு இருபதாயிரத்தைத் தாண்டியிருந்தது. ஏ.ஆர்.டி. மையத்தில் டாக்டர் மறுபடி மாத்திரை தொடங்கினார். சில மாதங்களில் "தென்படவில்லை" என்ற பழைய வரி திரும்ப வந்தது. அதைக் காட்ட வந்தபோது உள்பையில் அந்த நைந்த தாளும் இருந்தது. தனியார் லேபுக்குக் கட்டிய 450 ரூபாயைத் திருப்பிக் கேட்கலாமா என்றார்.