போட்டி நிறுவனத்தின் முன்மொழிவு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கம்பியில்லாத் தொடர்புக்குத் தரநிலை வகுக்கும் பணிக்குழு ஒன்றில் என் நிறுவனத்தின் சார்பில் அண்மையில் சேர்ந்தேன். போட்டி நிறுவனம் முன்வைத்துள்ள வடிவமைப்பே மேலானது என்பது என் கணிப்பு. ஆனால் அதை எப்படியாவது தாமதப்படுத்தும்படி மேலாளர் சொல்கிறார். இத்தகைய குழுக்களில் வணிகப் போட்டியை விலக்கி வைப்பது நடைமுறையில் இயலுமா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

போட்டியை அடியோடு நீக்க இயலாது. நிறுவனங்கள் சம்பளம் கொடுத்துப் பொறியாளர்களை அனுப்புவதே தம் நலன் கருதித்தான். அந்த நலன், 'இந்த வடிவமைப்பில் மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும், இதோ அளவீடு' என்று சோதித்துப் பார்க்கக்கூடிய வாதமாக வந்தால் அதனால் தரநிலை செம்மைப்படவே செய்யும். வாதம் இல்லாமல் ஆள்பலமாக வரும்போதுதான் கேடு.

அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1981ஆம் ஆண்டுப் பதிப்புக்காகத் தன் மின்விதித் தொகுப்பைத் திருத்தியபோது, மின்கம்பிகளுக்குப் பிளாஸ்டிக் குழாய்களையும் அனுமதிக்கும் முன்மொழிவு வல்லுநர் குழுவில் ஏற்கப்பட்டு ஆண்டுக் கூட்டத்துக்கு வந்தது. எஃகுக் குழாய்த் தரப்பினர் 230 பேரைப் புதிதாக உறுப்பினராக்கி, எங்கே அமர வேண்டும், எப்போது, எப்படி வாக்களிக்க வேண்டும் என்றுகூடச் சொல்லிக்கொடுத்து அழைத்து வந்தனர். 390க்கு 394 என்ற கணக்கில் முன்மொழிவு தோற்றது. அந்த நடத்தைக்குப் போட்டிச் சட்டத்திலிருந்து விலக்குக் கிடையாது என்று 1988இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சங்கத்தின் விதி எதையும் அவர்கள் மீறவில்லை என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது.

வாக்குவிதியை இறுக்கினாலும் தீராது. உங்கள் துறையிலேயே, மின், மின்னணுப் பொறியாளர்களின் அமைப்பான ஐஇஇஇயில், குறுந்தொலைவு அதிவேகக் கம்பியில்லாத் தொடர்புக்கான 802.15.3ஏ என்ற குழுவில் 75 விழுக்காடு ஆதரவு தேவைப்பட்டதால், இரண்டு அணிகளும் ஒன்றையொன்று தடுத்துக்கொண்டே இருந்து, 2006இல் தரநிலை எதுவும் வெளிவராமல் அந்தப் பணி கைவிடப்பட்டது.

ஆகவே இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஈடிஎஃப் அமைப்பின் வழியையே நான் ஆதரிக்கிறேன். அங்கே பங்கேற்பவர்கள் நிறுவனத்தின் பிரதிநிதிகளாக அல்ல, தனிநபர்களாகவே கருதப்படுகிறார்கள். முறையான வாக்கெடுப்பும் இல்லை. ஐந்து பேர் ஆதரித்து நூறு பேர் எதிர்த்தாலும், எதிர்ப்புகள் ஒவ்வொன்றுக்கும் தொழில்நுட்ப விடை கிடைத்திருந்தால் அதைப் பொது இணக்கமாகக் கொள்ளலாம் என்று 2014இல் வெளியான அவ்வமைப்பின் ஆர்எஃப்சி 7282 என்ற ஆவணம் விளக்குகிறது. இம்முறை நடக்க, எதற்கும் அஞ்சாத, பொறுமையுள்ள குழுத்தலைவர் வேண்டும். அப்படிப்பட்டவர் கிடைப்பது எளிதல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

காப்புரிமை வேறு வகை ஆபத்து. உங்கள் நிறுவனத்திடம் தொடர்புடைய காப்புரிமை இருந்தால் வரைவு உறுதியாகும் முன்பே அறிவிக்கச் சொல்லுங்கள். எல்லோரும் தரநிலையை ஏற்றுக் கருவிகள் செய்த பிறகு உரிமை கோருவதை வஞ்சகம் என்றே சொல்வேன்.

மேலாளரிடம், அந்த வடிவமைப்பின் குறையை எந்த நிறுவனத்தின் பெயரும் வராமல் இரண்டு வாக்கியங்களில் எழுதித் தரும்படி கேளுங்கள். எழுத முடிந்தால் அதைத் தயங்காமல் குழுவில் வையுங்கள். அது உங்கள் கடமையும்கூட. முடியாவிட்டால், உங்கள் கருவிகளுக்குத் தேவையான அம்சங்களை அவர்களுடைய வரைவிலேயே சேர்க்கக் கேட்பதற்கு இப்போது வாய்ப்பு இருக்கிறது என்பதையும், தாமதப்படுத்துவதில் காலத்தைக் கழித்தால் வரைவு முடிந்தபின் அது இருக்காது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.