ஏ9 வீதியில் மட்டும் சூடேறும் பழைய டிஎக்ஸ் வாகன்: ஹெட்டைக் கழற்ற முன் எவற்றைப் பார்க்கலாம்?

நீங்கள் கேட்டது இதுதான்: அப்பா ஓடிய 1984ஆம் ஆண்டு கொறொல்லா டிஎக்ஸ் வாகன், 4கே எஞ்சின். யாழ்ப்பாண நகருக்குள் நாள் முழுக்க ஓடினாலும் வெப்ப ஊசி நடுவில் நிற்கிறது. கண்டிக்குப் போகும் ஏ9 வீதியில் ஏறி ஆனையிறவை நெருங்கும்போது சிவப்பைத் தொடுகிறது. கராஜில் தேர்மோஸ்ரற்றை, அதாவது சூடேறியதும் தண்ணீருக்கு வழிவிடும் வால்வை, கழற்றிவிட்டார்கள், பலனில்லை. இப்போது ஹெட் கஸ்கெற், அதாவது எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியிலுள்ள தகடு, போயிருக்கும், ஹெட்டை இறக்கவேண்டும் என்கிறார்கள்.

தயவுசெய்து இப்போதைக்கு ஹெட்டில் கை வைக்க விடாதீர்கள். என்னிடமும் இதே வாகன்தான். இதே வருத்தம் வந்து, காசும் செலவாகி, கடைசியில் காரணம் வேறு இடத்தில் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. நெரிசலில் நிற்கும்போது தண்ணீரை ஆற்றும் றேடியேற்றருக்குக் காற்றுக் கொடுப்பது பான் (விசிறி) மட்டும்தான். ஆஸ்பத்திரி வீதியில் நின்று நின்று போகும்போது சூடேறினால் பான், பான் பெல்ற், பானைச் சுற்றியுள்ள கூடு என்று தேடலாம். உங்களுக்கு அங்கே ஒன்றுமில்லை. 80 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது காற்று தானாகவே வந்து அடிக்கும், ஆனால் எஞ்சின் உண்டாக்கும் வெப்பமும் சும்மா நிற்பதை விடப் பல மடங்கு. அந்த வெப்பத்தைத் தண்ணீரால் வெளியே கொண்டுபோக முடியவில்லை. ஒன்றில் தண்ணீர் போதிய அளவு சுற்றவில்லை, அல்லது றேடியேற்றர் பாதி அடைபட்டிருக்கிறது. பாதி றேடியேற்றர் நகர ஓட்டத்துக்குக் காணும், ஏ9க்குக் காணாது.

அதற்கு முன் ஊசி சொல்வது உண்மையா என்று பாருங்கள். பெற்றோல் ஊசியும் கூடவே உயர்ந்து காட்டினால், இரண்டுக்கும் மின் கொடுக்கும் சின்ன றெகுலேற்றரையோ டாஷ்போட்டின் ஏர்த்தையோ சந்தேகிக்கலாம். துப்பாக்கி மாதிரியான இன்பிராறெட் வெப்பமானி ஒன்று யாரிடமாவது இரவல் வாங்குங்கள். மினுங்கும் அலுமினியத்தில் பிடித்தால் குறைத்துத்தான் காட்டும், ஆகவே தேர்மோஸ்ரற் கூட்டின்மேல் ஒரு துண்டு மாஸ்கிங் ரேப் ஒட்டி அதில் பிடியுங்கள். 85க்கும் 95 பாகைக்கும் இடையில் இருந்தால் பயமில்லை. அதே வெப்பமானியை றேடியேற்றரின் முகம் முழுக்க மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சூடான பரப்பின் நடுவே திட்டுத் திட்டாகக் குளிர்ந்த இடம் வந்தால் அந்தக் குழாய்களுக்குள் தண்ணீர் போகவில்லை.

ஏன் அடைபடுகிறது? எங்கள் ஊரில் இதற்கு முதல் சந்தேகம் கிணற்றுத் தண்ணீர்தான். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது, எங்கள் கிணறுகள் பெரும்பாலும் சுண்ணக்கல்லுக்குள் தோண்டியவை. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவுதான் எஞ்சினுக்குள்ளும் றேடியேற்றர்க் குழாய்க்குள்ளும் படிகிறது. ஒருமுறை நிரப்பிய தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு கொஞ்சம்தான், அது படிந்தால் அவ்வளவோடு முடிந்துவிடும். ஆனால் சின்ன ஒழுக்கு ஒன்றை வைத்துக்கொண்டு காலையில் ஒரு போத்தல், மாலையில் ஒரு போத்தல் என்று விட்டுக்கொண்டிருந்தால், ஒவ்வொரு போத்தலும் புதுச் சுண்ணாம்பைக் கொண்டுவரும். தீவுப் பக்கத்துச் சவர்த் தண்ணீர் இன்னும் மோசம், உப்பு அலுமினிய ஹெட்டை அரிக்கும். ஆகவே ஒழுக்கை முதலில் அடையுங்கள். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும், அதிலிருந்து கசிந்த கறை தெரிந்தால் பம்ப் முடிவுக்கு வந்துவிட்டது.

இப்போது என் கதை. றேடியேற்றரைக் கழற்றி, மேல் தாங்கியின் ஈயப் பற்றை உருக்கித் திறந்து, குழாய்களுக்குள் கம்பி விட்டுத் துப்பரவாக்கினேன். செம்பு, பித்தளை றேடியேற்றர் என்றால் இது நல்ல வேலைதான். அப்புறமும் பளை தாண்டியதும் ஊசி ஏறியது. ஒருநாள் வீட்டு முற்றத்தில், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு மருமகனை அக்சிலேற்றரை மிதிக்கச் சொல்லிவிட்டு, கையைத் தள்ளி வைத்துக்கொண்டு கீழ் ஹோஸையே பார்த்தேன். சுழற்சி கூடக் கூட அந்த ஹோஸ் உறிஞ்சிய சர்பத் குழல் மாதிரி ஒட்டிக்கொண்டது! கீழ் ஹோஸ் பம்ப் உறிஞ்சும் பக்கம். அதற்குள் ஒரு கம்பிச் சுருள் இருந்து அதை ஒட்டவிடாமல் தாங்கும். என் ஹோஸுக்குள் இருந்த சுருள் துருப்பிடித்துக் கரைந்தே போயிருந்தது. மெதுவாக ஓடும்போது உறிஞ்சல் குறைவு, ஹோஸ் திறந்திருக்கும். வேகம் பிடித்தால் மூடிக்கொள்ளும். நின்று பொனற்றைத் திறந்து பார்க்கும் நேரத்தில் மறுபடி உருண்டையாக நிற்கும். அதனால்தான் யாருடைய கண்ணிலும் படவில்லை. உங்கள் வாகனில் இதை முதலில் பாருங்கள், ஐந்து நிமிடம்கூட எடுக்காது. பெல்ற்றுக்கும் பானுக்கும் கிட்ட சாரம், சால்வை எதுவும் தொங்கக்கூடாது.

றேடியேற்றர் மூடியையும் மறக்கவேண்டாம். இந்த வாகனங்களுக்கு வருவது 0.9 என்று பதித்த மூடி. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காது, 120க்குச் சற்று முன்னர்தான் கொதிக்கும். றப்பர் காய்ந்த மூடி அந்த அழுத்தத்தைப் பிடிக்காது. எஞ்சின் ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பையாக நின்றால் மூடியின் உள்வால்வும் பழுது. சூடாக இருக்கும்போது மட்டும் மூடியில் கை வைக்காதீர்கள். அழுத்தம் விட்ட கணமே உள்ளே இருப்பது கொதித்து முகத்துக்கு வரும். முறிகண்டியில் நிறுத்தினால் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சானும் சாப்பிட்டு முடியுங்கள், அதற்குப் பிறகும் துணி சுற்றித் தொட்டுப் பார்த்து, ஆறியிருந்தால் மட்டும் திறவுங்கள்.

கழற்றிய தேர்மோஸ்ரற்றை மறுபடி போடுங்கள். என் அப்பாவின் ஒஸ்ரின் ஏ40 கார், போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் ஓடியது. சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். எஞ்சின் குளிர்ந்தால் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்று றேடியேற்றருக்கு முன்னால் காட்போட் மட்டை செருகி வைப்பார். பெற்றோல் எஞ்சினுக்கும் அளவான சூடு வேண்டும். குளிர்ந்தே ஓடினால் பெற்றோல் எண்ணெயோடு கலந்து தேய்வு கூடும். புதிய தேர்மோஸ்ரற் வாங்கினால் சட்டியில் தண்ணீரோடு போட்டுச் சூடாக்கிப் பாருங்கள். 82 என்று பதித்திருந்தால் அந்தச் சூட்டை ஒட்டித் திறக்கத் தொடங்கவேண்டும். பூட்டும்போது சின்னக் காற்றுத் துளை மேலே வரட்டும்.

எல்லாம் முடிந்து நிரப்பும்போது கூலன்டோடு பற்றரிக்கு விடும் சுத்தத் தண்ணீரைக் கலவுங்கள், அல்லது கலந்தே வரும் கூலன்டை வாங்குங்கள். தீப்பொறி பிந்தி விழுந்தாலும் சூடேறும், ஆகவே ரைமிங்கையும் (தீப்பொறி விழும் நேரத்தையும்) ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஏறினால்தான் கஸ்கெற். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து வைத்து ஸ்ராட் செய்யுங்கள். முதலில் வரும் சில குமிழிகள் அடைபட்ட காற்று. அவை நிற்காமல் தொடர்ந்து வந்தாலோ, மூடி பூட்டி ஸ்ராட் செய்து ஓரிரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலோ, எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது. எண்ணெய் மூடியின் அடியில் தயிர் மாதிரித் திரண்டிருந்தாலும் சந்தேகிக்கலாம். அப்போது ஹெட்டை இறக்கச் சொல்லுங்கள். இறக்கினால் புதுக் கஸ்கெற் போட முன், நேரான உருக்கு மட்டம் வைத்து ஹெட் வளைந்திருக்கிறதா என்று உங்கள் கண் முன்னாலேயே பார்க்கச் சொல்லுங்கள். 4கேயின் ஹெட் அலுமினியம், இத்தனை தடவை சிவப்பைத் தொட்ட பிறகு அது நேராக இருக்குமென்று நம்பிப் பூட்டக்கூடாது.